லேசிக்கும் கூடப்பிறந்தவையும்

லேசர் சிகிச்சைக்குப் போகிறவர் கையெழுத்துப் போடும் படிவத்தில் ஒரு பட்டியல் இருக்கும். கண் வறட்சி, இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கண் கூச்சம், கருவிழி மெலிந்து பிதுங்குதல், ஃபிளாப் நகர்தல், பவர் திரும்ப வருதல் என்று பத்துப் பதினைந்து வரிகள். கல்யாணத்துக்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வருகிற பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை. படித்துப் பார்க்கிற அப்பாவோ, "வேண்டாம்மா, கண்ணாடியே இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுந்துவிடுகிறார். பட்டியலின் பூர்வீகம் இருவருக்குமே தெரியாது.

அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஆண்டில், யாரோ ஒருவருடைய கண்ணில் முதலில் தெரியவந்தது. கண்ணாடியைக் கழற்றும் வித்தை ஒரு படி ஏறும்போதெல்லாம் பழைய கெடுதல் ஒன்று தீர்ந்தது, புதிதாக ஒன்று கூடப் பிறந்தது. அதனால் இந்தச் சிகிச்சை பிறந்த கதையைச் சொன்னால் பக்கவிளைவுகள் பிறந்த கதையையும் சொன்னதாகிவிடும்.

டோக்கியோவும் மாஸ்கோவும்

கண்ணின் முகப்பில் இருக்கும் தெளிந்த படலம்தான் கருவிழி. உள்ளே நுழையும் வெளிச்சத்தை மடக்கி விழித்திரையில் சேர்ப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலை அதனுடையது. நடுப்பகுதியில் அதன் கனம் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிட்டப்பார்வைக்காரருக்கு வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கருவிழியின் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னால் தள்ளிப்போகும். லேசர் வருவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது. எதைக் கொண்டு தட்டையாக்குவது என்பதில்தான் சிக்கல்.

டோக்கியோவில் ஜுன்டென்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுதோமு சாடோ, 1930-களின் கடைசியில் கத்தியைக் கொண்டு முயன்றார். கருவிழியின் முன்பக்கமும் உள்பக்கமும் ஆரம்போலக் கீறல்கள் போட்டார். கீறிய இடம் தளர்ந்து நடுப்பகுதி தட்டையானது, பார்வையும் தெளிந்தது. 1950-களில் நூற்றுக்கணக்கான கண்களுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. கருவிழியின் உள்சுவரில் ஒற்றை அடுக்காகச் சில செல்கள் உண்டு. கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைத்து அதைத் தெளிவாக வைத்திருப்பவை அவைதான். மனிதக் கண்ணில் அவை செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. இது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. உள்பக்கக் கீறல்கள் அந்த அடுக்கைச் சிதைத்திருந்தன. மிச்சமிருந்த செல்கள் பல வருஷம் தாக்குப்பிடித்தன. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கருவிழி நீர் கோத்து, கொப்பளித்து, வெள்ளையாகிப்போனது. 1960-இல் காலமான சாடோ அதைப் பார்க்கவில்லை.

1970-களில் மாஸ்கோவில் ஸ்வ்யாதஸ்லாவ் ஃபியோதரவ் உள்பக்கத்தைத் தொடாமல் முன்பக்கம் மட்டும் கீறினார். சண்டையில் மூக்குக்கண்ணாடி உடைந்து சில்லு குத்திய ஒரு பையனுக்குக் காயம் ஆறியபின் பவர் குறைந்திருந்ததைக் கண்டுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் படுத்திருக்கும் மேஜைகள் வரிசையாக நகரும். ஒவ்வொரு மருத்துவரும் தன் பங்குக்கு ஒரு வேலையை முடித்து அடுத்தவரிடம் அனுப்புவார். இந்த முறை அமெரிக்காவுக்கும் போனது.

அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே சிகிச்சை பெற்றவர்களைப் பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 1994-இல் முடிவு வெளியானது. 43 சதவீதக் கண்களில் பார்வை எதிர்த்திசையில், அதாவது தூரப்பார்வை பக்கமாக, ஒரு பவரோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தது. கீறிய கருவிழி பத்தாண்டு ஆகியும் அசைவதை நிறுத்தவில்லை என்று அர்த்தம். இரண்டே ஆண்டில் இதற்கு ஊரறிய ஒரு சாட்சி கிடைத்தது. 1996 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸுக்கு இந்தக் கீறல் சிகிச்சை நடந்திருந்தது. உயரத்தில் ஆக்சிஜன் குறையவும் கருவிழி வீங்கி வடிவம் மாறிவிட்டது. பார்வை மங்கி நடுவழியில் காத்து நின்றவர் புயலில் மாட்டிக்கொண்டார். உயிர் பிழைத்தார், ஆனால் கையையும் மூக்கையும் உறைபனி கொண்டுபோனது.

மதராஸ்காரரும் வான்கோழியும்

கீறுவதை விட்டுச் சீவினால் என்ன என்று கேட்டவர் ஹோசே இக்னாசியோ பராக்கர். பார்சிலோனாவில் பிறந்து கொலம்பியாவின் பொகோட்டாவில் தொழில் செய்தவர். 1949-இல் எழுதத் தொடங்கிய அவர், கருவிழியின் மேலடுக்கை மெல்லிய வில்லையாகச் சீவி எடுத்து, அதை உறைய வைத்து, கடைசல் எந்திரத்தில் வடிவம் திருத்தி, திரும்பப் பொருத்தும் முறையை உருவாக்கினார். சீவுவதற்கென்றே மைக்ரோகெரட்டோம் என்ற கருவியையும் செய்தார். உறையவைத்ததில் திசு செத்தது, வேலையும் எல்லாருக்கும் கைவரவில்லை. ஆனாலும் மேலே ஒரு மெல்லிய அடுக்கைத் தூக்கிவிட்டு உள்ளே வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் தங்கிவிட்டது.

வடிவம் திருத்தும் கருவி கண் மருத்துவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத இடத்திலிருந்து வந்தது. ரங்கசாமி சீனிவாசன் 1929-இல் மதராஸில் பிறந்தவர். மதராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய் முனைவர் பட்டம் வாங்கினார். நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எக்சைமர் லேசரின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கைத் தீய்க்காமல் செதுக்குவதை அவர் பார்த்திருந்தார். உயிருள்ளவற்றின் திசுவிலும் இது நடக்குமா என்று அவரும் சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

1981 நவம்பர் 26 அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழியை மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்து வந்தார் சீனிவாசன். அதன் குருத்தெலும்பில் 193 நானோமீட்டர் கதிரைப் பாய்ச்சினார். உளியால் வெட்டியதுபோலச் சுத்தமான பள்ளம், ஓரத்தில் கருகலே இல்லை. ஒப்பிடுவதற்காகப் பச்சை நிற லேசரைக் காட்டியபோது சதை பொசுங்கிக் கறுத்தது. இந்தப் புற ஊதா ஒளியின் ஒவ்வொரு துகளுக்கும் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கும் அளவு ஆற்றல் உண்டு. திசுவின் மேல்பரப்பிலேயே அது முழுதும் உறிஞ்சப்பட்டுவிடும். அறுபட்ட துணுக்குகள் பறந்து போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பக்கத்துத் திசுவுக்குச் சேதி போவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு துடிப்புக்குக் கருவிழியில் சுமார் கால் மைக்ரான்தான் கழியும்.

1983-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் இந்த ஆராய்ச்சிக்கூடத்தைத் தேடி வந்தார். கன்றுக்குட்டிக் கண்களில் சோதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கட்டுரை வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸில் மார்கரெட் மெக்டொனால்ட், பார்வையுள்ள மனிதக் கண் ஒன்றில் இந்தச் சிகிச்சையைச் செய்தார். புற்றுநோயால் எப்படியும் அகற்றப்படவிருந்த கண் அது. அதன் சொந்தக்காரப் பெண்மணி, பிறருக்குப் பயன்படட்டும் என்று முன்வந்தவர்.

இந்த முதல் முறையின் பெயர் பிஆர்கே. கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு நேரடியாக லேசரைப் பாய்ச்சுவார்கள். அதில் பிறந்தது வலி. தோல் திரும்ப வளர்கிற மூன்று நான்கு நாட்களுக்குக் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். அடுத்துப் பிறந்தது புகைமூட்டம். காயம் ஆறும் மும்முரத்தில் செல்கள் ஒழுங்கில்லாத இழைகளைப் போட்டுவிட, கருவிழி லேசாக மங்கும். பவர் அதிகமுள்ளவர்களுக்கு இது கூடுதல். பின்னாளில் மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில விநாடிகள் ஒற்றியெடுத்து இதைப் பெருமளவு தடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 1995-இல் பிஆர்கேவுக்கு அனுமதி கொடுத்தது.

ஒரு கணக்கும் இரண்டு கெடுதலும்

லேசர் எவ்வளவு ஆழம் செதுக்க வேண்டும் என்பதற்கு சார்லஸ் மன்னர்லின் 1988-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, பவராலும் பெருக்கி, மூன்றால் வகுத்தால் ஆழம் மைக்ரானில் வரும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு பவருக்கு 12 மைக்ரான். மைனஸ் 8 என்றால் 96 மைக்ரான்.

படிவத்தில் இருக்கும் இரண்டு பெரிய வரிகள் இந்தச் சிறிய கணக்கிலிருந்து வந்தவை. வட்டத்தைச் சிறிதாக்கினால் ஆழம் குறையும், கருவிழி மிச்சமாகும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இருட்டில் கண்ணின் பாப்பா விரியும். சிலருக்கு அது 7 மில்லிமீட்டரையும் தாண்டும். செதுக்கிய வட்டத்துக்கு வெளியே உள்ள பழைய வளைவின் வழியாகவும் வெளிச்சம் நுழையும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் பிறந்தது இப்படித்தான். பகலில் கடைசி வரிவரை படிப்பவர் இரவில் பைபாஸ் ரோட்டில் வண்டி ஓட்டத் தயங்குவதும் இதனால்தான். சரி, வட்டத்தைப் பெரிதாக்குவோம் என்றால் ஆழம் எகிறும், மிஞ்சும் கருவிழி மெலியும். ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும் என்பது இந்தச் சிகிச்சையின் பிறவிக் குணம். எந்தப் புது எந்திரமும் இந்தக் கணக்கிலிருந்து முழுதாகத் தப்பவில்லை.

கிரீட் தீவில் ஒரு மடல்

பொகோட்டாவின் கத்தியையும் யார்க்டவுன் ஹைட்ஸின் ஒளியையும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இணைத்தார் இயோனிஸ் பல்லிகாரிஸ். மேலடுக்கை முழுதாகச் சீவி எடுக்காமல் ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கும்படி விட்டு, மடலாகப் புரட்டி, அடியில் லேசரைப் பாய்ச்சி, மடலைத் திரும்ப மூடுவது அவர் முறை. 1989-இல் மனிதக் கண்ணில் செய்தார். லேசிக் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். மேல்தோல் அப்படியே இருப்பதால் வலி இல்லை, மங்கல் இல்லை. மறுநாளே வேலைக்குப் போகலாம். உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்த மறுநாள்தான் காரணம்.

ஃபிளாப் என்று டாக்டர்கள் சொல்லும் அந்த மடலோடு ஒரு குடும்பமே பிறந்தது. உடம்பிலேயே நரம்பு மிக அடர்த்தியாக இருக்கும் இடங்களில் ஒன்று கருவிழி. மடலை வெட்டும்போது அந்த நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்ந்திருக்கிறது என்ற சேதி போனால்தானே கண்ணீர் சுரக்கும்? சேதி போகாததால் வறட்சி. பெரும்பாலோருக்கு நரம்பு மெல்ல வளர்ந்து ஆறு மாதம், ஒரு வருஷத்தில் சரியாகிறது. சிலருக்குத் தங்கிவிடுகிறது. வெகு சிலருக்கு அறுந்த நரம்பு கோணலாக வளர்ந்து ஓயாத எரிச்சலாகவும் குத்தலாகவும் நிற்கிறது. விளக்கு வைத்துப் பார்க்கும் டாக்டருக்குக் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. "எல்லாம் நல்லா இருக்கே" என்பார். வலியைவிட அந்தச் சொல் அதிகம் வதைக்கும்.

மடல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய உறுதியோடு சேராது. ஆண்டுகள் கழித்து விரலோ பந்தோ பட்டு மடல் நகர்ந்தவர்கள் உண்டு. குத்துச்சண்டை, கபடி என்று இருப்பவர்களுக்கு இன்றும் பிஆர்கேவையே பரிந்துரைப்பது இதனால்தான். 1998-இல் இன்னொன்று பதிவானது. மடலுக்கு அடியில் வெண்மணல் தூவியதுபோல் அழற்சி. மருத்துவர்கள் அதற்கு சகாரா மணல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் எந்திரத்தில் செத்த கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு. கிருமி செத்தால் போதும் என்று நினைத்திருந்த இடத்தில், அதன் மிச்சமும் ஆகாது என்று தெரிந்தது.

அதே 1998-இல்தான் பட்டியலின் மிகக் கனமான வரியும் வந்தது. எழுதியவர் ஜெர்மன் மருத்துவர் தியோ சைலர், 1980-களின் நடுவிலேயே எக்சைமரை மனிதக் கண்ணில் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். லேசிக் முடிந்த சிலருக்கு மாதங்கள் கழித்துக் கருவிழி முன்பக்கமாகக் கூம்பிக்கொண்டே போவதை அவர் பதிவு செய்தார். கண்ணுக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் இருக்கிறது. தேய்ந்த சைக்கிள் டயரில் ட்யூப் பிதுங்குவதுபோல, மெலிந்த கருவிழியை அது வெளியே தள்ளுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். 540 மைக்ரான் கருவிழியில் அந்தக் காலத்துக் கத்தி சீவும் மடல் 160 என்று வைத்துக்கொள்வோம். மடல் தாங்காது என்பதால் அதைக் கழித்துவிட வேண்டும். மைனஸ் 8-க்கு 96 போனால் தாங்குவதற்கு 284 மிஞ்சும். கருவிழியே 500-தான், பவர் மைனஸ் 10 என்றால்? 160-ம் 120-ம் போக 220. அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்ற விதி இப்படித்தான் நிலைபெற்றது. 300 மிஞ்சினால்தான் தொடுவேன் என்கிற டாக்டர்களும் உண்டு. கனம் போதுமானதாக இருந்தும் பிதுங்கிய கண்களும் இருந்தன. ஆராய்ந்ததில் அவர்களில் பலருக்குக் கூம்புக் கருவிழி நோய் வெளியே தெரியாமல் முன்பே இருந்திருக்கிறது. லேசிக்குக்கு முன் வண்ண வண்ணமாகக் கருவிழி வரைபடம் எடுத்து, "உங்களுக்குச் செய்ய முடியாது" என்று சிலரைத் திருப்பி அனுப்புகிறார்களே, அந்தப் பாடத்தின் பலன் அது. திருப்பி அனுப்பப்பட்டவர் வருத்தப்பட வேண்டியதில்லை, பிழைத்தார் என்றுதான் கொள்ள வேண்டும்.

பிதுங்குவதை நிறுத்தும் வழியையும் சைலரும் டிரெஸ்டனில் அவருடைய சகாக்களும்தான் காட்டினார்கள். ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினைக் கருவிழியில் ஊறவைத்து, புற ஊதா ஒளியைக் காட்டினால் உள்ளிழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. 2003-இல் வெளியான அந்த முறையை இப்போது கண் மருத்துவமனைகளில் பரவலாகச் செய்கிறார்கள்.

கத்தி போய் வந்தவை

1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவரின் கண்ணில் தவறுதலாக அதிவேக லேசர் பட்டது. அவரைப் பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ் விழித்திரையில் இருந்த காயத்தைப் பார்த்து அசந்துபோனார். அவ்வளவு துல்லியமான புள்ளி. எந்த லேசர் என்று விசாரித்துக்கொண்டு அந்த ஆய்வகத்துக்கே போனார். அதை நடத்தியவர் ஜெரார் மூரூ, பின்னாளில் 2018-இன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் ஃபெம்டோசெகண்ட் லேசரால் மடல் வெட்டும் முறை. விளம்பரங்களில் கத்தியில்லா லேசிக் என்பார்கள். மடல் இன்னும் மெல்லிதானது, கத்தி தடுமாறி ஓட்டை விழும் ஆபத்து போனது. ஆனால் லேசர் வரிசையாக வைத்த நுண்புள்ளிகள் ஒளியைப் பிரிக்க, சிலருக்கு வெள்ளை விளக்கைச் சுற்றி வானவில் கோடுகள் தெரிந்தன. முன்பு இல்லாத குறை.

அடுத்து ஸ்மைல். மடலே இல்லை. கருவிழிக்கு உள்ளேயே மெல்லிய வில்லை ஒன்றை லேசரால் வெட்டி, சில மில்லிமீட்டர் துளை வழியாக உருவிவிடுவார்கள். 2016-இல் எஃப்டிஏ அனுமதித்தது. நரம்பு குறைவாக அறுபடுவதால் வறட்சி குறைவு, நகர்வதற்கு மடலும் இல்லை. பதிலுக்கு வில்லை முழுதாக வராமல் துணுக்கு தங்கும் அபாயம், பவர் மிஞ்சினால் மறுபடி திருத்துவதில் கூடுதல் சிரமம். பிதுங்கல் இதிலும் பதிவாகியிருக்கிறது.

இத்தனையும் எவ்வளவு பேருக்கு வருகிறது? 2008 ஏப்ரலில் எஃப்டிஏ நடத்திய பொது விசாரணையில், இந்தச் சிகிச்சையால் வாழ்க்கை புரண்டுபோனதாக நோயாளிகள் நேரில் வந்து பேசினார்கள். அதன் பிறகு அந்த அமைப்பே அமெரிக்கக் கடற்படையோடு சேர்ந்து, நோயாளிகளை நேரடியாகக் கேட்டு ஓர் ஆய்வு நடத்தியது. சிகிச்சைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம் போன்ற தொந்தரவே இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மூன்றாம் மாதத்தில் ஏதாவது ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். வறட்சி இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை வறட்சி வந்ததாகச் சொன்னார்கள். அந்தத் தொந்தரவால் அன்றாட வேலையே பெரிதாகத் தடைபட்டது என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். இந்த எண்களில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினால் விளம்பரமும் எழுதலாம், வழக்கும் போடலாம். எல்லாம் ஒரே ஆட்களிடமிருந்து வந்தவை. விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றவர்களே கண்ணாடி போனது நிம்மதி என்றும் சொன்னார்கள். அந்த 1 சதவீதத்துக்குள் நாம் விழாமல் இருக்க முன்கூட்டிய பரிசோதனை உதவும். அதனால் காண்டாக்ட் லென்ஸை டாக்டர் சொன்ன நாளிலேயே நிறுத்திவிட்டு அளவெடுக்கப் போக வேண்டும். ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கண் வறட்சி இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பட்டியலின் கடைசி வரி இப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது. 1990-களில் முப்பது வயதில் லேசிக் செய்துகொண்டவர்களுக்கு இன்று அறுபது. நாற்பதைத் தாண்டியபோதே வெள்ளெழுத்து வந்து படிக்கிற கண்ணாடி திரும்பியிருக்கும். அதை லேசிக் தடுக்காது. இப்போது அவர்களுக்குக் கண்புரை வருகிறது. புரையை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்துதான் கணிக்கிறார்கள். செதுக்கிய கருவிழியில் அந்த வழக்கமான கணக்கு பிசகும், லென்ஸ் பவர் குறைந்துபோய்த் தூரப்பார்வை மிஞ்சும். கண் அழுத்தம் பார்க்கும் கருவியும் மெலிந்த கருவிழியில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், கிளாக்கோமா இருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். செதுக்குவதற்கு முன் இருந்த வளைவும் கனமும் பவரும், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற கணக்கும் கையில் இருந்தால் இரண்டையும் சமாளிப்பது சுலபம். லேசிக் செய்துகொள்கிறவர்கள் சொட்டு மருந்துச் சீட்டோடு அந்த அளவுகளின் நகலையும் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பீரோவில் வையுங்கள். முன்பே செய்துகொண்டவர்கள் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அவருக்கே அது தெரியாமல் போகலாம்.